யட்சிக்குப் பசை எங்கே கிடைத்தது?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பாறசாலையில் ரயில் பாதைக்கு அந்தப்புறம் என் கடைசல் பட்டறை இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் படிக்கட்டுத் தூணிலோ கட்டில் காலிலோ என் உளி பட்டிருக்கும். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? என்னை யாரும் கைதூக்கி விடவில்லை.

பாலராமபுரத்து நூல் வியாபாரி ஒருவர், மகளின் தலைப்பிள்ளைக்குத் தொட்டில் கேட்டார். பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் அரைஞாண் கட்டுகிற 'இருபத்தெட்டு கட்டு' சடங்கன்று பேரனை அதில் கிடத்த வேண்டும். நாலு காலின் உச்சியிலும் தாமரை மொட்டு, பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கடைசல் கம்பி என்று மனதிலேயே செய்து முடித்துவிட்டேன். நல்ல அயனி மரத் தடியாகப் பார்த்து, அறுத்துச் சதுரமாக்கிய துண்டுகளை ஒரு தடி வியாபாரியிடம் வாங்கினேன்.

முதல் காலை மோட்டாரில் பூட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தேன். மரம் வெண்ணெய் போல இழைந்து வந்தது. திடீரென்று 'டங்' என்று ஒரு சத்தம். உளியின் முனை முறிந்து, என் காதைச் சீவிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. கொஞ்சம் தள்ளி வந்திருந்தால் கண் போயிருக்கும்.

மரத்துக்குள் கறுத்துப்போன ஒரு பழைய ஆணி. கொல்லன் கையால் அடித்தது. என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரும் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள்.

"அண்ணே, இது காவுப் பக்கத்துல நின்ன மரமாக்கும்! யட்சியத் தளைச்ச ஆணி!"

எங்கள் பக்கத்தில் யட்சி என்ற பெண்பேய் பிடித்தது என்றால் மந்திரவாதியைக் கூப்பிட்டு, அவளைக் காவு என்னும் தெய்வத் தோப்புப் பக்கத்து மரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேரும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் காதில் துணியைக் கட்டிக்கொண்டு மரத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஆணியின் தலையை யாரோ வெட்டியிருந்தார்கள். மீதியை உள்ளே இறக்கி, ஓட்டையில் மரப்பொடியும் பசையும் குழைத்து அடைத்து, மேலே மண் தேய்த்திருந்தார்கள். அதுவும் மரம் அறுக்கும் வாள் இழுத்த முகத்தில்! மரம் நின்றபோது ஆணி அடித்தவன் மந்திரவாதியாக இருக்கட்டும். அறுத்த பிறகு, ஆணி தெரிந்தால் விலை போகாது என்று பூசி மறைத்தவன் யார்?

நேராகத் தடிக்காரனிடம் போனேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னான்.

"எனக்கு என்ன தெரியும் அண்ணே? இது அவளுக்க வேலையாக்கும். சும்மா கெடந்தவள எளக்கி விட்டது நீங்களில்லியா?"

"எலே, யட்சிக்கு மரப்பொடியும் பசையும் எந்தக் கடையில கெடச்சுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, ஒருவனும் அவனைக் கேள்வி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: மேஸ்திரியின் காதை யட்சி கடித்துவிட்டாளாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருத்தன் செய்த களவை இல்லாத ஒருத்தியின் தலையில் கட்டுகிறார்களே! பிள்ளைத் தொட்டிலில் யட்சி என்று பெயர் விழுந்தால் அப்புறம் என் பட்டறைப் படியை எவன் மிதிப்பான்?

வேறு மரம் வாங்கியிருக்கலாம். வாங்கினால் அந்தப் பொய்க்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆணி இருந்த துண்டை மட்டும் தள்ளிவிட்டு, அதே தடியின் மீதியில் தொட்டிலைக் கடைந்து மெருகேற்றி, வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆணியையும் மடியில் வைத்திருந்தேன்.

ஊர்ப் பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வியாபாரி வாசலிலேயே மறித்தார்.

"மேஸ்திரி, உங்க வேல நல்ல வேலையாக்கும். ஆனா பிள்ளையக் கிடத்துற சாதனமில்லியா? எனக்கு வேண்டாம்."

ஆணியைக் காட்டினேன். பூசி அடைத்த கதையையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வழியை மட்டும் விடவில்லை. அப்போதுதான் உள்ளே பேறுகால அறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"அப்பா, அந்தத் தொட்டில உள்ள கொண்டு வரச் சொல்லுங்க. யட்சி உண்டும்னா, அவள ஆணி அடிச்சுக் கட்டிப்போட்டது வேற ஆளில்லியா? மேஸ்திரி மாமா அவள அவிழ்த்துல்லா விட்டிருக்காரு! எங்க மேல அவளுக்கு என்ன கோவம்? ராத்திரி எனக்குக் கண்ணு அசந்தா, எனக்க பிள்ளைக்கு அவளே தாலாட்டு பாடட்டும்."

வியாபாரி வழியை விட்டு விலகி நின்றார். நானே தொட்டிலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தப் பேரன் அதில்தான் வளர்ந்தான். தடிக்காரனோ அதன் பிறகும் ஊரில் நெஞ்சு நிமிர்த்தித்தான் நடந்தான். கோயில் திருவிழாக் கமிட்டியில்கூட அவனுக்கு நாற்காலி போட்டார்கள். அந்த ஆணியை என் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட்டிருக்கிறேன். தப்பு நடந்த இடத்தில் யாராவது பேயையோ விதியையோ இழுத்தால், அங்கே பூசிவிட்டுப் போன மனிதக் கையைத்தான் நான் முதலில் தேடுகிறேன்; காதின் காயம் ஆறிவிட்டது, யட்சி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்தக் கை மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.