பாதியில் நின்ற பெயர்

நான் வேலை செய்யும் இடத்தை மென்பொருள் நிறுவனம் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், நாலைந்து கணினிகள், வெயிலேற ஏறச் சூடாகும் ஒரு கூரை. தலைவர் லண்டனில் இருக்கிறார். உடுப்பிட்டிக்காரர். பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் அங்கிருந்து சொல்வார், நாங்கள் இங்கிருந்து செய்வோம்.

நான் சேர்ந்தபோது என் கையில் தரப்பட்டது ஒரு தனியார் கண் மருத்துவமனையின் திரை. வைத்தியர் அடுத்து யாரைப் பார்க்கப் போகிறார் என்பதைக் காத்திருப்பு மண்டபத்துச் சுவரில் பெயர் போட்டுக் காட்டும். ஒரு மணிச் சத்தம் கேட்கும், பெயர் வரும், அந்த ஆள் எழுந்து உள்ளே போக வேண்டும். பார்ப்பதற்குத் தொலைக்காட்சிப் பெட்டி போலிருந்தாலும் உண்மையில் அது உலாவியில் திறந்து வைத்த ஒரு வலைப்பக்கம். வருகிறவர்கள் பார்வை மங்கியவர்கள் என்பதால் எழுத்து மிகப் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் நீளப் பெயர்கள் ஒரு வரிக்குள் அடங்காது. அதனால் பெயரைத் திரையில் போடுவதற்கு முன்பே அதன் அகலத்தை அளந்து பார்க்க வேண்டும். அந்த அளவைச் சொல்வதற்கு அண்ணை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை, அதாவது வெளிநாட்டில் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த ஒரு நிரல் தொகுப்பை, தேர்ந்து போட்டிருந்தார். வாசகத்தையும் எழுத்துருவையும் கொடுத்தால், பக்கத்தில் எதையும் வரைந்து பார்க்காமலே, இவ்வளவு அகலம் என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். வரியை விட அகலமென்றால் எங்கள் நிரல் பின்பக்கத்தை வெட்டி மூன்று புள்ளிகள் வைக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தகப்பன் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பின்னால் வரும். கல்யாணம் செய்த பெண்களுக்குத் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே பின்னால் வெட்டினால் போவது சொந்தப் பெயர்தான். மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண் அடிக்கடி தொலைபேசியில் முறையிட்டாள். அக்காவும் தங்கையும் ஒன்றாக எழுந்து போகிறார்களாம். மகனோடு வந்த ஒரு முதியவர், தன் பெயரைக் கண்டு தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போய் மகனுக்குரிய கதிரையில் இருந்துவிட்டாராம். தமிழில்தான் இப்படி, ஆங்கிலத்தில் பதிந்த பெயர்கள் முழுதாக வருகின்றன என்றும் அவள் சொன்னாள்.

அண்ணையிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“தமிழ் நீளமான பாஷை, தங்கச்சி. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? பேரைச் சுருக்கிப் பதியச் சொல்லுங்கோ.”

வரவேற்புப் பெண்ணிடம் நானும் அதையே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு இடது கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். அப்பா பிரான்சுக்குப் போனபோது நான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கவில்லை. முதலில் கடிதம் வந்தது, பிறகு தொலைபேசி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அவருக்கு அங்கே மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை இணுவிலில் எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளும் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தன. அம்மா அதைப் பற்றி யாரிடமும் கதைத்ததில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவுமில்லை, பொட்டை அழிக்கவுமில்லை. அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அவர் பெயருக்கு முன்னால் அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டேன். எதற்கு, யாருக்குக் காட்ட என்று கேட்டுவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார்.

எங்கள் திரை உள்ள மருத்துவமனைக்குத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நல்ல வைத்தியர் வருவார் என்பது ஒரு காரணம். நான் செய்யும் வேலையை அம்மா கண்ணால் பார்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு அவர் இன்றைக்கும் கொம்பியூட்டர் என்று மட்டும்தான் சொல்வார்.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அம்மா இருந்தார். நான் இடமில்லாமல் சுவரோரம் நின்றேன். திரையைக் காட்டி, அது எங்கள் அலுவலகத்தில் செய்தது என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தப் பெண்களில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மணி ஒலித்தது. திரையில் அப்பாவின் பெயர் வந்தது. முழுப் பெயர், பெரிய எழுத்தில், கறுப்பில். அதற்குப் பின்னால் மூன்று புள்ளிகள். அதற்கும் பின்னால் திரையின் வலது பக்கம் வரை ஒன்றுமில்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பெயரை இவ்வளவு பெரிதாக எழுதி நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு பெண்களும் திரையைப் பார்த்தார்கள், பிறகு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் அம்மாவின் பக்கம் சாய்ந்து கேட்டார்:

“அவர் வந்திட்டாரே?”

குத்திக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருப்பார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மண்டபத்திலிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயருக்காக எழுந்து நடந்து உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அம்மா ஸ்கூட்டியின் பின்னால் இருந்தார். தாவடியைத் தாண்டியதும் நான்தான் பேச்சைத் தொடக்கினேன். பெயர் நீளமென்றால் அது அப்படித்தான் வெட்டும் என்று அண்ணையின் வார்த்தையைக் கடன் வாங்கி விளக்கினேன்.

“நீளமோ?” என்றார் அம்மா. “எனக்கு ஒரு கண்தான் பழுது. மற்றக் கண்ணாலை பாத்தனான். அந்தாளின்ரை பேருக்குப் பக்கத்திலை அவ்வளவு இடம் வெறுமையாக் கிடக்குது. என்ரை பேருக்கு மட்டும் இடமில்லையாமோ?”

 அவர் சொன்னது சரி. இடம் இருந்தது. நானும் பார்த்தேன்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்த லைப்ரரியைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அது வேகமாக வேலை செய்வதன் இரகசியம் மிக எளியது. ஒவ்வொரு எழுத்தையும் தனியாக ஒரே ஒருமுறை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எந்தச் சொல் வந்தாலும் அந்த அளவுகளைக் கூட்டிச் சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குள்ளே ககரம் ஒன்று, அதோடு சேரும் குறி ஒன்று என்று இரண்டாக இருக்கிறது. லைப்ரரி அந்தக் குறியைத் தனியே பிடுங்கி அளந்தது. ஒட்டி நிற்க எழுத்தில்லாத குறியைத் தனியாக வரையச் சொன்னால், கணினி அதற்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் தானாகப் போட்டுவிடும். அந்த வட்டத்தின் அகலமும் கணக்கில் சேர்ந்தது. மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளிக்குக்கூட ஒரு வட்டம். புள்ளி உண்மையில் அகலத்தில் ஒன்றும் கூட்டுவதில்லை, ஆனால் லைப்ரரி அதற்கு ஒரு முழு எழுத்தின் இடத்தைக் கொடுத்தது.

அம்மாவின் முழுப் பெயரை அதற்குள் போட்டுப் பார்த்தேன். அது சொன்ன அகலம் உண்மையான அகலத்தின் இரு மடங்குக்குக் கிட்ட வந்தது. உண்மையான அகலத்தில் அம்மாவின் பெயர் வரிக்குள் தாராளமாக அடங்கியது. தமிழ் நீளமில்லை. அளந்த விதம்தான் பிழை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாளும் எத்தனை பேர் அந்த மண்டபத்தில் வேறொருவரின் பெயருக்கு எழுந்து போயிருப்பார்கள்.

திருத்துவது கடினமாக இருக்கவில்லை. எழுத்தை அதன் குறியோடு சேர்த்து முழுதாகப் பிரிக்கும் வசதி உலாவியிலேயே இருக்கிறது. அதைக்கொண்டு பிரித்து, முழு எழுத்தாக அளக்கும்படி அந்த லைப்ரரியின் ஒரு பகுதியை மாற்றினேன். வெட்ட வேண்டி வந்தாலும் எழுத்தின் நடுவில் வெட்டாதபடி செய்தேன். மாலையில் அண்ணையை வீடியோ அழைப்பில் பிடித்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு, ஒரு குவளையில் எதையோ குடித்துக்கொண்டு கேட்டார்.

“எத்தினை பேருக்கு உந்தப் பிரச்சினை?”

“யாழ்ப்பாணத்திலை மாட்டின திரை அண்ணை. அங்கை வாற எல்லாருக்கும்தான்.”

சரி, போட்டுவிடுங்கோ, ஆனால் இதிலேயே மினக்கெட வேண்டாம் என்றார். நான் இன்னொன்றும் கேட்டேன். மருத்துவமனைக் கணினியில் கையால் மாற்றி வைப்பது நிலைக்காது. லைப்ரரியைப் புதுப்பித்த உடனே பழைய பிழை திரும்பி வந்துவிடும். ஆகவே மாற்றிய பிரதியை எங்களுடையதாகத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அது பிறகு பார்ப்போம் என்றார்.

நானே மருத்துவமனைக்குப் போய் அதைப் போட்டேன். மண்டபத்தின் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். பெயர்கள் தலையும் காலும் சேர்ந்து முழுதாக வந்தன. ஒருவர் எழுந்து போனார், பிறகு இன்னொருவர். யாரும் குழம்பவில்லை, யாரும் எதையும் கவனிக்கவுமில்லை. வரவேற்புப் பெண் மட்டும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அம்மா மீண்டும் வைத்தியரிடம் போக வேண்டிய தவணை வந்தது. திருத்திவிட்டேன், இனி உங்கள் பெயர் முழுதாக வரும் என்று சொன்னேன்.

“நான் வரேல்லை,” என்றார். “நீ போய் உன்ரை திரையைப் பாத்துக்கொண்டு இரு.”

எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்துகொண்டார். அங்கே சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கிடையில் பார்வை மேலும் மங்கி, தேநீரை மேசை விளிம்பில் வைத்து இரண்டு குவளைகளை உடைத்தார்.

அந்தக் காலத்தில்தான் அண்ணை லண்டனில் இருந்தபடி, கொழும்பிலுள்ள புதிய வாடிக்கையாளர்களுக்கு இணையம் வழியாக ஒரு காட்சி விளக்கம் நடத்தினார். நாங்களும் இங்கிருந்து இணைந்திருந்தோம். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து நான் அவருக்கு அனுப்பியிருந்த படங்கள் இரண்டும், வெட்டப்பட்ட பெயரும் முழுப் பெயரும், பக்கத்துப் பக்கத்தில் வந்தன. தமிழுக்கென்றே நாங்கள் ஆராய்ந்து செய்த விசேட அம்சம் இது என்று அவர் அழகான ஆங்கிலத்தில் சொன்னார். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் பக்கத்திலிருந்த சக ஊழியர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். நான் ஒலிவாங்கியை அணைத்து வைத்திருந்தேன், அப்படியே வைத்துக்கொண்டேன்.

பிறகு புதிய வாடிக்கையாளர்களுக்காக எல்லா இடத்திலும் லைப்ரரியைப் புதுப்பித்தார்கள். நான் அப்போது வேறொரு வேலையில் இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் மாற்றம் அழிந்தது. வரவேற்புப் பெண் திரும்பவும் தொலைபேசி எடுத்தாள். இந்த முறை அவள் முறையிடவில்லை, பெயர் பழையபடி பாதியில் நிற்கிறது என்று செய்தியாக மட்டும் சொன்னாள்.

அண்ணையிடம் பேசினேன். என் குரல் உயர்ந்தது என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அவர் குரல் உயரவில்லை.

“பேரை விடுங்கோ. இலக்கத்தைப் போட்டால் சோலி முடிஞ்சுது. இலக்கத்துக்குப் பாஷை இல்லை, வெட்டவும் தேவையில்லை.”

அப்படியே செய்தார்கள். செய்தது நான்தான். பெயர் வரும் இடத்தில், வரவேற்பில் கொடுக்கும் வரிசை இலக்கம் வரும்படி மாற்றுவதற்கு ஒரு காலை நேரமே போதுமாயிருந்தது. அளக்கும் லைப்ரரியையே கழற்றிவிட்டேன், அதற்கு இனி வேலையில்லை. அதற்கு முன்பே, அந்த லைப்ரரியை எழுதிய வெளிநாட்டுக்காரர்களுக்கு என் திருத்தத்தை நானாகவே அனுப்பியிருந்தேன். மரியாதையான பதில் வந்தது. நீங்கள் சொல்வது சரி, ஆனால் இதைச் சேர்த்தால் மற்ற மொழிகளுக்கு வேகம் குறையும், ஆகவே சேர்க்க முடியாது என்றார்கள். தமிழரான அண்ணைக்கே தேவைப்படாதது அவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். வேலையை விட்டுவிடவும் நினைத்தேன். விடவில்லை. யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு வேறு படி ஏறி இறங்க எனக்கு அதிக வாசல்கள் இல்லை.

அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்புப் புகைக்குப் பயந்து ஒரு வாரம் குசினிப் பக்கம் போகாமல் இருந்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவராகவே கேட்டார், அந்தத் திரை இப்போது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று. நடந்ததை எல்லாம் சொன்னேன். என் திருத்தம் அழிந்ததையும், அண்ணை சொன்னதையும், இப்போது அதில் இலக்கம் மட்டும் வருவதையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

“நல்லது பிள்ளை,” என்றார் அம்மா. “இலக்கத்துக்குப் புருசன் இல்லைத்தானே.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவருடைய பெயருக்காகத்தானே நான் அவ்வளவும் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார். நான் சைக்கிள் கொட்டிலுக்குள் போய் ஸ்கூட்டியைத் தேவையில்லாமல் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டு நின்றேன்.