பாகூர் போகாத வண்டி

புதுச்சேரி நெல்லித்தோப்பில் இஸ்திரி போட்டுப் பிழைத்துவந்த ஆனந்தமேரிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருவர்தான் இருந்தார், அவளுடைய ஞானத்தகப்பன் பிரகாசம் முசே. புருஷன் யூஜின் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சைகோனுக்குப் போய், போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். பிள்ளையும் இல்லை. பெற்ற தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவளைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துப்போனதும், கல்யாணம் பேசி முடித்ததும், யூஜின் இறந்த செய்தி வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அவள் அவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள்.

பிரகாசம் முசே கோர்ட்டில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஐயா என்பதைப் பிரெஞ்சில் 'முசே' என்று மரியாதைக்குச் சேர்த்துக் கூப்பிட்டது ஊர். நல்ல மனுஷர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயருக்கு மேலும் பெருமை சேர்த்தது அவர் தொடங்கிய அடைக்கல சபை. முப்பத்திரண்டாம் வருஷம் எல்லைக்கு அந்தப்பக்கம், இங்கிலீஷ் மண்ணில், மறியலும் தடியடியும் நடந்துகொண்டிருந்தன. இங்கிலீஷ்காரன் போலீசுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குள் வந்தவர்கள் சத்திரத்திலும் கடற்கரை மணலிலும் படுத்துக்கிடந்தார்கள். ஊருக்குள்ளேயே உப்பளம் என்கிற பேட்டையில் சும்மா கிடந்த ஒரு கிடங்கைப் பிடித்து, கூரை மாற்றி, அவர்களுக்குத் தங்க இடம் செய்து கொடுத்தார் முசே.

"ஆனந்தம், கஞ்சி காய்ச்ச ஒரு ஆள் வேணும். கூலி குடுக்க முடியாது. நீ வர்றியா?" என்று கேட்டார்.

"உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை சொல்லியிருக்கேனா அப்பா?" என்றாள் அவள்.

காலையில் சட்டைகளைத் தேய்த்து முடித்துவிட்டு உப்பளத்துக்கு நடப்பாள். கஞ்சி காய்ச்சுவாள். தடியடியில் கிழிந்த தோலுக்கு வேப்பெண்ணெய் தடவுவாள். பேன் பிடித்த வேட்டிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, பெட்டியில் கரி போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். "ஒளிஞ்சிகிட்டிருக்கிறவனுக்கு எதுக்கம்மா இஸ்திரி?" என்று ஒருவன் சிரித்தபோது, "மடிப்புக் கலையாத வேட்டி கட்டினா ஒளிஞ்சிகிட்டிருக்கிற ஆளாத் தெரியமாட்டே" என்றாள்.

ஆடி பிறந்த சமயத்தில் தையல்நாயகி வந்தாள். பண்ருட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். புருஷன் ஏற்கெனவே ஜெயிலில். அவள் ஊரில் மறியல் நடந்த அன்று கள்ளுக்கடை எரிந்துபோனது. தீ வைத்தவள் என்று அவள் பெயரை எழுதிவிட்டார்கள். ஆற்றில் இறங்கி நடந்தே எல்லையைத் தாண்டியிருக்கிறாள். அத்தனை ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் அவளைக் கிடங்கில் வைக்க முடியாது என்பதால் ஆனந்தமேரி தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள்.

முதலில் அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் புழக்கடைக்கு ஓடுவாள். போகப்போகப் பயம் தெளிந்தது. சும்மா சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். ஒரு துரையின் சட்டைக் கழுத்தைப் பொசுக்கிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆனந்தமேரி கோபப்படப் போய்ச் சிரித்துவிட்டாள். யூஜின் போனபிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"அக்கா, இந்த ஊர்ல நான் ஒன்ன மட்டுந்தான் நம்பறேன்" என்று ஒருநாள் சொன்னாள் தையல்நாயகி. "சபைக்காரங்க கூப்பிட்டாக்கூட, நீ வந்தாத்தான் போவேன்."

இதை ஆனந்தமேரி பெருமையாகவே முசேயிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஆவணி முடியும்போது முசே அவளைக் கூப்பிட்டனுப்பினார். "டவுன்ல இங்கிலீஷ்காரன் உளவாளிங்க ஜாஸ்தியாயிட்டாங்க. அந்தப் பொண்ண பாகூர்ல எனக்குத் தெரிஞ்ச வீட்ல விட்டுடலாம். வண்டி ஏற்பாடு பண்ணிட்டேன். நீயும் கூடப் போ. இல்லன்னா அவ ஏறமாட்டா."

பிரெஞ்சு மண்ணும் இங்கிலீஷ் மண்ணும் அந்தப்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "அப்பா, நடுவுல அவங்க எடத்தத் தாண்ட வேண்டியிருக்குமே?"

"கொஞ்ச தூரம்தான். அங்க போலீஸ் சாவடி கெடையாது. நான் விசாரிக்காமயா ஒன்ன அனுப்புவேன்?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டி வந்தது. ஓட்டிவந்தவன் பக்கிரி, முசேயின் நிலத்தில் வேலை செய்கிறவன். இருவரும் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி, வெகுநாளைக்குப்பின் வயலைக் கண்ட சந்தோஷத்தில், இது இன்ன நெல், அது இன்ன நெல் என்று பேசிக்கொண்டே வந்தாள். அவள் கை ஆனந்தமேரியின் கைக்குள் இருந்தது.

ஒரு புளியந்தோப்பின் ஓரமாக வண்டி நின்றது. பக்கிரி ஒன்றும் சொல்லாமல் இறங்கி, மாட்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றான். மரங்களுக்குப் பின்னாலிருந்து சிவப்புத் தலைப்பாகைக் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். ஓடுவதற்குக்கூட நேரமில்லை.

சப் இன்ஸ்பெக்டர் தன்மையான மனுஷன். அந்தத் தன்மைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஆனந்தமேரியைப் பார்த்து, "நீங்க அதே வண்டியில திரும்பிப் போவலாம்மா. ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. பேசினபடி எல்லாம் முடிஞ்சிதுன்னு முசே கிட்ட சொல்லிடுங்க" என்றான்.

தையல்நாயகி கையை உருவிக்கொண்டாள்.

"தையலு, எனக்குத் தெரியாது. மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது..."

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. ஆனந்தமேரியின் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தானே வண்டியைவிட்டு இறங்கி, கூப்பிட்ட பக்கம் நடந்தாள். பின்னாலேயே ஓடிய ஆனந்தமேரியைக் கான்ஸ்டபிள் ஒருவன் கையை நீட்டித் தடுத்தான். அவன்கூட மரியாதையாகத்தான் தடுத்தான்.

பக்கிரியின் வண்டியில் அவள் ஏறவில்லை. வெயிலில் நடந்தே ஊர் திரும்பி நேராக முசேயின் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மறுக்கவில்லை. "உக்காரு ஆனந்தம். நெதானமாக் கேளு. எல்லைக்கு அந்தப்பக்கம்தான் என் நெலம் பூரா இருக்கு. பறிமுதல் பண்ணிடுவேன்னு கலெக்டர் ஆள் அனுப்பிட்டாரு. நெலம் போச்சுன்னா சபைக்கு அரிசி ஏது? ஒருத்தியக் குடுத்தா மத்தவங்கள விட்டுடறோம்னாங்க. ஒருத்தி போனா என்ன, மிச்சப் பேருக்குச் சோறு நடக்குதில்ல?"

"என்ன ஏன் அனுப்பினீங்க?"

"நீதானம்மா சொன்னே, நீ வந்தாத்தான் அவ வருவான்னு."

பெருமைக்காகச் சொன்ன ஒரு பேச்சு இப்படி வேலை செய்திருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் உப்பளத்துக் கிடங்குக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு முன்பே முசே வந்து போயிருந்தார்: ஆனந்தமேரி கண்ட இடத்தில் வாயைவிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள், பாவம், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். அடுப்பங்கரையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆனந்தமேரி பழக்கதோஷத்தில் அகப்பையை எடுத்து ஒருவன் தட்டில் கஞ்சி ஊற்றப் போனாள். அவன் தட்டை இழுத்துக்கொண்டான். அவன் முதுகுக் காயத்துக்கு மருந்து போட்டு ஆற்றியவள் அவள்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் கலைகிற நேரத்தில், நெல்லித்தோப்புக் கோயில் வாசலில் முசேயின் எதிரே போய் நின்றாள். "அந்தப் பொண்ணக் காட்டிக்குடுத்தது நீங்கதான்னு இவங்க முன்னால சொல்லுங்க அப்பா."

கூட்டம் நின்றது. முசே அவள் தலையில் கை வைத்தார். "புருஷன் போனதுலேருந்தே இவளுக்கு மனசு சரியில்ல. வேண்டிக்குங்க" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. சில பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டதுதான் ஊர் பேசிய குற்றமாயிற்று. பெற்றவர்போல் வளர்த்தவரைக் கோயில் வாசலில் அவமானப்படுத்தினாளாம். துணி போடுகிற வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

தையல்நாயகிக்கு இரண்டு வருஷம் தண்டனை கொடுத்து வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போன இரண்டு தடவையும், கைதி வர மாட்டேன் என்கிறாள் என்று ஆனந்தமேரியைத் திருப்பி அனுப்பினார்கள். விடுதலை நாளைக் கேட்டறிந்து ஜெயில் வாசலில் போய் நின்றாள். தையல்நாயகி இளைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் வெளியே வந்திருந்த புருஷன் கூட்டிப்போக வந்திருந்தான். அவனைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவள் கிட்டே வந்தாள்.

"நீ பண்ணலன்னு எனக்குத் தெரியுங்க்கா. உள்ள போன கொஞ்ச நாள்லயே யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு ஒன் மூஞ்சி அப்படி வெளுத்துப் போயிருந்திச்சி."

ஆனந்தமேரி அந்தக் கைகளைப் பிடிக்கப் போனாள்.

"வேணாங்க்கா" என்றாள் தையல்நாயகி. "தெரிஞ்சி என்னா? ஒன்னப் பாத்தா எனக்கு அந்தப் புளியந்தோப்புதான் கண்ணுல வருது. அந்த முசே எப்பிடின்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஒனக்குத் தெரியணுமில்ல, ஒன்ன வளத்தவரு."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று ஆனந்தமேரிக்குத் தோன்றியது. புருஷனும் பெண்டாட்டியும் ரயிலடிப் பக்கம் நடந்து போனார்கள். அவள் எதிர்ப்பக்கம் போனாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பிரகாசம் முசே இறந்தார். பெரிய ஊர்வலம். அடைக்கலம் தந்த வள்ளல் என்று பேசினார்கள். ஆனந்தமேரி அன்று கதவைச் சாத்திக்கொண்டு துணி தேய்த்தாள். அழுகை வந்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் அழுதாள்.

எல்லை தாண்டி ஆட்கள் வருவது நிற்கவில்லை. சபைக்குப் போகப் பயந்தவர்கள் சிலர், யார் சொல்லியோ, அவள் வீட்டைத் தேடி வந்தார்கள். கேள்வி கேட்காமல் சோறு போட்டாள், பாய் கொடுத்தாள். முப்பத்தெட்டில் வந்த ஒரு ஆலைத் தொழிலாளி, கை கழுவிவிட்டு, "இங்க இருந்தா பயமில்லையேம்மா?" என்று கேட்டான்.

"சோறு இருக்கு, எடம் இருக்கு" என்றாள் ஆனந்தமேரி. "பயமில்லன்னு நான் யாருக்கும் சொல்றதில்லப்பா. வாசக் கதவும் பொழக்கட கதவும் தெறந்தேதான் இருக்கும். எந்தப் பக்கம் போவணும்னு நீயே பாத்துக்க."