பேசிக்கினே குளி

தகரக் கதவு போட்ட குளியலறைக்குள் நம் குரல் நமக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கும். ஈரச் சுவரில் மோதி, சிவப்பு சோப்பு வாசனையோடு கொஞ்சம் கனத்துத் திரும்பி வரும். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் குளித்தேன். பாட்டுப் பாடும் ஆசையால் அல்ல, அம்மாவின் உத்தரவு.

நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், இறங்கியும் விட்டது. அதன் பிறகுதான் வலிப்பு வந்தது. வந்தது நிற்கவே இல்லை. அப்பா தன் ஷேர் ஆட்டோவிலேயே என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, அவர்கள் சென்னைக்கு அனுப்ப, அங்கே வலிப்பை அடக்குவதற்காக வாரக்கணக்கில் என்னை மருந்தால் தூங்கவைத்தார்கள். கண் விழித்தபோது வாய்ப்பாடும், பாதி எழுத்துகளும், பக்கத்தில் உட்காரும் தோழியின் பெயரும் போயிருந்தன. வலிப்பு மட்டும் போகவில்லை. ஏன் வந்தது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கள் தெருவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "கண்ணு பட்டுடுச்சு" என்றார்கள், "போன ஜென்மத்துப் பாவம்" என்றார்கள், தங்கள் பிள்ளைகளை என் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

குளிக்கும்போது வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், வீடு திரும்பிய அன்றே அப்பா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் நாலைந்து குடித்தனங்களுக்குப் பொதுவான முற்றம் எங்களுடையது, குளியலறை அதன் மூலையில். கதவுக்கு வெளியே அம்மா பட்டு நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"பேசிக்கினே குளிமா. சத்தம் நின்னா உள்ள வந்துடுவேன்."

என்ன பேசுவது? மறந்துபோன வாய்ப்பாட்டையே சொல்லச் சொன்னாள். ஏழாம் வாய்ப்பாட்டில் நான் திணறினால், பக்கத்து வீட்டு நெசவாளி தறியில் இருந்தபடியே "ஐம்பத்தாறு பாப்பா!" என்று எடுத்துக் கொடுப்பார். ஊரே கூடி என்னைக் குளிப்பாட்டியது.

வயதுக்கு வந்த பிறகு அது நரகமாகிவிட்டது. "ஒரே ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடும்மா" என்று அழுதால், "உசுரு முக்கியமா, மானம் முக்கியமாடி?" என்பாள். ஒரு நாள் தலைக்கு ஊற்றிய தண்ணீர் அத்தனை இதமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அம்மா போட்ட கூச்சலில் கதவு திறந்தது. அவளுக்குப் பின்னால் நெசவாளி, அவர் மகன், முற்றத்திலிருந்த எல்லோரும். மார்பு வரை கட்டிய ஈரப் பாவாடையோடு நின்றேன். ஒருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வலிப்பு வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அவர்களுக்கு நான் பெண் பிள்ளை இல்லை, ஒரு நோய். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அம்மா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ பேசலன்னா, நீ இல்லன்னுதான்டி எனக்குத் தோணுது" என்று அழுதாள். நான் அவளை மன்னிக்கவில்லை.

அந்த முற்றம் இப்போது ஒரு பட்டுக் கடையின் வண்டி நிறுத்துமிடம். அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். ஐயம்பேட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். வலிப்பு இன்னும் என்னை விட்டபாடில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

"குளிக்கும்போது வெளியில ஆள் இருக்காங்களாம்மா?" என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்கிறார்.

"அம்மா இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு, மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வருகிறேன்.