தொட்டிக்காரர் ஒட்டிய படகு

நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் இருளாயி கோபத்தில்கூடச் சத்தம் போட மாட்டாள். மூன்று வருஷம் கழித்து இந்தக் கார்த்திகையில்தான் கண்மாய் நிறைந்தது. அதுவரை வெயிலில் கிடந்த ஃபைபர் படகின் அடியில் வெடிப்பு. படகு ஒட்ட இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? அருப்புக்கோட்டையில் தண்ணீர்த் தொட்டி ஒட்டும் சோலைமணியிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்த படகு கரையைத் தாண்டிப் பத்தடி போவதற்குள் ஒட்டு பிய்த்துக்கொண்டது. மறுநாளே படகை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்குப் போனாள்.

"ரெண்டு நாள் முழுக்கத் தண்ணி ரொப்பி வச்சிருந்தேன் தாயி. ஒரு சொட்டு ஒழுகலையே!"

ஒட்டு உள்பக்கம் மட்டும் இருந்தது.

"தொட்டிக்குத் தண்ணி உள்ள நிக்கும்ணே. படகுக்கு வெளியில நிக்கும்."

சோலைமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். வெளிப்பக்கமும் கனமாக ஒட்டினார். இந்த முறை சோதித்துப் பார்க்க அவரையும் கண்மாய்க்குக் கூட்டிப் போனாள். அவர் படகேறியதே அன்றுதான்.

நடுக்கண்மாயில் இரு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஒழுகலைல்ல தாயி?"

இருளாயி நிதானமாகத் துடுப்புப் போட்டாள்.

"ஒழுகுனா மொதல்ல உங்களுக்குத்தாண்ணே தெரியும். ஒட்டு மேலதான உக்காந்திருக்கீக."