கத்த வேண்டிய நேரத்தில் கத்துகிறதா?

பூதலூரிலிருந்து ஜெசிந்தாவின் கணவர் ஆரோக்கியசாமி போன் செய்தார். "ஜெசிந்தா போயிட்டா சார். காப்பி போட்டுக்கிட்டே இருந்தா. ஒரு அறிகுறியும் இல்ல சார்." அறிகுறி இல்லாமல் எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று காலமெல்லாம் மல்லுக்கட்டிய மனுஷிக்கா இப்படி? கடவுள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆளாளுக்குச் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துகொண்டிருந்த காலம். தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் நாங்கள் சிலர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதிய நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சோதனைகளும் எழுதுவோம். ஜெசிந்தா மட்டும் வேண்டுமென்றே ஏடாகூடமான அளவுகளைக் கொடுத்து, நிரல் எச்சரிக்கிறதா என்று சோதிப்பார். "நாய் குரைச்சா போதாதுங்க. யாரைப் பார்த்துக் குரைக்குதுன்னு பாருங்க" என்பார். சிரிப்போம்.

நீடாமங்கலம் ஹமீது பாய், துபாயில் சம்பாதித்ததையெல்லாம் போட்டு விதைநெல் உலர்த்தும் கொட்டகை கட்டியிருந்தார். நெல்லின் ஈரத்தையும் காற்றின் சூட்டையும் பதிந்தால், எவ்வளவு நேரம் உலர்த்த வேண்டும் என்று எங்கள் நிரல் சொல்லும். ஈர விதைக்குச் சூடு மிஞ்சினால் முளைப்பு செத்துவிடும். அதற்கு எச்சரிக்கையும் தரும். "எதுக்கெடுத்தாலும் கத்துது தம்பி" என்று பாய் அலுத்துக்கொள்ள, எங்களில் ஒருவர் எல்லா எச்சரிக்கையையும் ஒரேயடியாக அடக்கிவிட்டார். சோதனைகள் தேறின. ஜெசிந்தா எழுதிய ஒன்று மட்டும் தோற்றது. ஈர நெல், மிஞ்சிய சூடு, எச்சரிக்கை வரவில்லை.

பாய் வாசலில் காத்திருந்தார். "விடை சரியா வருதுல்லம்மா, குடுத்தனுப்பு" என்றார் எங்கள் முதலாளி.

"விடை சரிதாங்க. விதை சாகப்போகுதுன்னு அவருக்கு யாருங்க சொல்றது?"

ஜெசிந்தா அசைந்து கொடுக்கவில்லை. வெட்டிச் சத்தங்களை மட்டும் நீக்கி, அந்த ஒன்றை மீட்டபிறகே பாயை அனுப்பினார்.

அடுத்த அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. சில வாரம் கழித்து, கையில் ஒரு பிடி நாற்றோடு பாய் படியேறி வந்தார்.

"கம்ப்யூட்டர் பொட்டி கத்துச்சும்மா. ஓடிப்போய் சூட்டைத் தணிச்சேன். இல்லாட்டி மறுபடி துபாய்க்குத்தான் பொட்டி கட்டியிருப்பேன்."

ஜெசிந்தா அந்த நாற்றைத் தண்ணீர் டம்ளரில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தப் பச்சையைப் பார்க்க நாங்கள்தான் அவர் மேசையைச் சுற்றிக் கூடினோம். எப்பேர்ப்பட்ட பிடிவாதம்!

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சோதனையைத்தான். நிரல் எவ்வளவோ மாறிவிட்டது, அது மாறவில்லை. அடக்கம் முடிந்து பூதலூரிலிருந்து திரும்பியதும், முதல் வேலையாக ஈர நெல்லையும் மிஞ்சிய சூட்டையும் கொடுத்து அந்தச் சோதனையை ஓட்டினேன்.

கத்தியது. உட்கார்ந்து அழுதேன்.