நான் வரையாத ஐந்தாவது பனிமனிதன்

மக்களே!!! யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டு செய்த குளிர்கால ஒர்க்‌ஷீட் இன்று முதல்முறையாக எங்கள் குடியிருப்பு பிளாக்கில் இருக்கும் பிளே ஸ்கூல் குழந்தைகள் கைக்குப் போய்விட்டது!!!

படத்தில் இருக்கும் பனிமனிதர்களை எண்ண வேண்டும். நான் வரைந்தது நான்கு.

"இது சரியா வந்தா மத்த கிளாஸுக்கும் நீயே செஞ்சு குடும்மா" என்று மிஸ் சொல்லியிருந்ததால், படபடப்போடு நின்றேன்.

யாழினிக் குட்டி ஐந்து என்றாள்.

"நாலுதான்டா செல்லம்."

"அஞ்சுக்கா. தோ, ஹெல்மெட் போட்டுகினு நிக்கிறாரு பாரு."

அவள் விரல் வைத்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

பக்கத்தில் கலர் அடித்துக்கொண்டிருந்த இர்பான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவுரு காலைல எங்க ஸ்டாப்புல பனியில நிப்பாருக்கா. வேலைக்குப் போற ஷிப்ட் பஸ் எல்லாம் வந்துட்டுப் போயிடும். ஏறவே மாட்டாரு."

மிஸ் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் இருவருக்கும் ஸ்டார் ஒட்டிவிட்டு, "மத்த கிளாஸுக்கும் இதையே குடும்மா" என்றார்.

படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக் குட்டீஸை எண்ணச் சொல்லுங்கள்.

இர்பானுக்கும் எனக்கும் ஒரே பஸ் ஸ்டாப். அதனால் நான்கு என்று சொன்னால் மட்டும் கமெண்ட் போடுங்கள், ப்ளீஸ்.