விழாத மனிதர்

பெரிய தாத்தாவின் மறதிக்கு வயது காரணமா, வாங்கிய குத்துகள் காரணமா? இன்று வரை எனக்கு விடை தெரியவில்லை. அவரை நினைத்தால் என் சிவப்பு ரிப்பன்கள்தான் முதலில் கண்ணில் நிற்கின்றன. பள்ளி விட்டு வந்ததும் சடையிலிருந்து அவிழ்த்து, அவர் நீட்டும் முஷ்டிகளில் சுற்றிவிடுவேன். "இறுக்கிக் கட்டு பாப்பா, மணிக்கட்டு ஆடக் கூடாது" என்பார்.

அவர் என் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்காரர் காலத்தில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை போட்டவர். அதில் காசு கிடையாது. ஜெயித்தால் ஒரு கோப்பை, கொஞ்சம் கைதட்டல். பகலெல்லாம் சுத்தியல் பிடித்த கையோடு மாலையில் மேடையேறுவார். தன்னைவிட ஒரு முழம் உயரமான ஆங்கிலோ இந்தியர் ஒருவரோடு மோதி, ஒரு கண் வீங்கி மூடிக்கொண்ட பிறகும் கடைசி மணி வரை நின்றாராம். மறுநாள் அதே முகத்தோடு வேலைக்குப் போனபோது ஃபோர்மேனே எழுந்து வந்து கைகொடுத்தாராம். பலமுறை தோற்றிருக்கிறார். ஆனால் யாராலும் அவரைக் கீழே சாய்க்க முடிந்ததில்லை. கல்யாண வீடுகளில் எங்கள் குடும்பம் சொல்லிக்கொள்ளும் பெருமை அதுதான்.

எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்குத் தொண்ணூறு நெருங்கியிருந்தது. தெருவில் இறங்கிப் போய்விடுவார் என்று அறையை வெளியே தாழிட்டு வைப்பார்கள். துணைக்கு நானும் உள்ளே இருப்பேன். ஒரு மாலை பணிமனைச் சங்கு ஊதியது. சண்டைக்கான மணி என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கைகளை உயர்த்தினார். நான் கட்டிய ரிப்பன்கள் என் முகத்துக்கு நேரே வந்தன. மூலையில் ஒடுங்கினேன். அவர் அடிக்கவில்லை. "நில்லுடா, விழுந்துடாத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். என் அலறல் கேட்டு அப்பா வந்து திறந்தார்.

"தாத்தா உன்னை என்ன பண்ணிடப் போறாரு? வயசானா எல்லாரும் இப்படித்தாம்மா."

இருக்கலாம். குத்துச்சண்டையே பார்த்திராத எத்தனையோ பேர் அந்த வயதில் பெற்ற பிள்ளையையே மறக்கிறார்கள்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு. ஒன்பது வயது மகள் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகிறாள். "உங்க பெரிய தாத்தா ரத்தம்! தலைக்குக் கவசமெல்லாம் போடுறாங்க, நீ ஏன் பயந்து சாவுற?" என்று கணவர் சிரிக்கிறார். அவர் சொல்வதும் சரியென்றே படுகிறது.

போன வாரம் உதடு வீங்கி, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அம்மா, அந்த அக்கா எவ்ளோ குத்துனாலும் நான் விழவே இல்ல!"

விழாத மனிதர் அத்தனை குத்துகளையும் நின்றபடியே வாங்கியிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை எழுதும்போது மகள் பயிற்சிக்குக் கிளம்பி நிற்கிறாள். கைத்துணியைச் சுற்றிவிடச் சொல்லி இரண்டு முஷ்டிகளையும் நீட்டுகிறாள். "இறுக்கிக் கட்டும்மா." அவளுக்குப் பின்னால் கதவின் தாழ்ப்பாள் தெரிகிறது. பிள்ளைகளை இந்த விளையாட்டுக்கு அனுப்பியவர்களும், அனுப்பாமல் நிறுத்தியவர்களும் சொல்லுங்கள்: நான் இந்தத் துணியைக் கட்டிவிடட்டுமா?